எட்டில் ஒரு பங்கு

காலை ஆறரை மணிக்கு எனக்குப் பெரியப்பாவின் கால்வலி வரும். வலது கால் கட்டைவிரலில் சுருக்கென்று தொடங்கி, பத்து நிமிடம் குடைந்துவிட்டுப் போகும். யூரிக் அமிலம் அவர் உடம்பில். ஆட்டுக்கறியை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பவரும் அவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பது மட்டும் நான். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். இப்போது சொன்னால் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பெரியப்பாவின் வலிக்கு முன்னால், ஆறேகாலுக்கு, என் சொந்த வலியும் வந்து போயிருந்தது. போன சீசனின் கடைசிப் பந்தயத்தில் நான் பைக்கோடு விழுந்த வலி. காறை எலும்பு இரண்டாக, வலது தொடை எலும்பு மூன்றாக. அதெல்லாம் கூடிவிட்டது. வலிதான் தவணையில் வருகிறது. இருநூற்று அறுபது காலை முடிந்து, இன்னும் நாற்பது காலை மிச்சம். பயந்துவிடாதீர்கள், கதவிடுக்கில் விரல் மாட்டினால் எப்படியோ அப்படி, அவ்வளவுதான். அதுவும் எந்த இடம் என்றே தெரியாது. பெரியப்பாவின் கால்வலி போல மூன்று பேர் பங்கு போட்டால் வலியின் இடம் தெரியும். எட்டாகப் போட்டால் இடம் மறைந்துபோய், உடம்பெல்லாம் ஒரு மந்தமான நோவு மட்டும் மிஞ்சும்.

அந்த நேரத்தில் பூஜை அறைக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே நங்கை. நங்கை என்றால் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் அண்ணன் பெண்டாட்டி. பெயர் ரங்கநாயகி. நான் கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். எட்டொன்பது மாதமாக நங்கைக்குத் திடீர்ப் பக்தி. ஐந்து மணிக்கு உள்ளே போனால் ஆறேமுக்காலுக்குத்தான் வெளியே வருவார். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து காபி போடுவார். "என்னுங்க நங்கை, சாமி இன்னைக்காவது வாயத் தொறந்துச்சா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்துவதோடு சரி.

என் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோதுதான் வலி மாத்திரைகளுக்கு மனுஷ உடம்பு பணியாமல் போனது. எத்தனை விழுங்கினாலும் வலி அசையாது. அப்போது வந்ததுதான் வலிப்பகிர்வு. காதுக்குப் பின்னால் ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒரு காந்த வில்லை. சிப் என்று சொல்கிறவர்களும் உண்டு. வலியை அதனால் அழிக்க முடியாது. இடம் மாற்றலாம், நாள் மாற்றலாம், பங்கு போடலாம். பங்கு வாங்கிக்கொள்கிறவர்கள் வலிப்பங்காளிகள். ஒரு பிரசவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்வார்கள். யாரையும் தனியாக வலிக்க விடக்கூடாது என்பதுதான் எங்கள் காலத்து மரியாதை.

பந்தயத்துக்கும் அதே சட்டம். ரோட்டில் ஓடுவதெல்லாம் தானோடிகள் என்று ஆன பிறகு, மனுஷர் கையால் பைக் ஓட்டுவது பந்தயத்தடத்தில் மட்டும்தான். பயிற்சிக்கு யாரும் கேட்க மாட்டார்கள், பந்தயத்தில் இறங்க உரிமம் வேண்டும். விழுந்தால் வலி வாங்கிக்கொள்கிறோம் என்று ஏழு பேர் கையெழுத்துப் போட்டால்தான் உரிமம். எனக்கு முப்பத்தாறு வயது. இந்த வயதில் ஒரு சீசன் விட்டுப்போனால் அப்புறம் எப்போதுமே கிடையாது. படிவம் கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

எனக்குள் யோசனையே இல்லை என்று சொன்னால் பொய். விழுந்தவள் திரும்ப ஏறலாமா என்று ஆறு மாதம் என்னையே கேட்டுக்கொண்டேன். கடைசியில் முதல் நாள் சொன்ன பதிலிலேயே வந்து நின்றேன். தப்பு என்னுடையது இல்லை, பிரேக்குடையது. மூன்றாவது வளைவில் நான் பிடித்தேன், பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் பார்த்தவர் இன்னாசியண்ணன். பதினோரு வருடம் என் பைக்கைப் பார்த்த மனுஷர். "என்ற பிரேக்ல ஒரு குத்தமும் இல்ல" என்று அவர் சொன்னபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே கத்தி அவரை விரட்டிவிட்டேன். மெஷின் கெட்டால் மெஷினை மாற்றலாம், நான் எதற்கு நிற்க வேண்டும்?

செவ்வாய் சாயங்காலத்துக்குள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அண்ணன், பெரியப்பா, சித்தி, சித்தப்பா மகன்கள் இரண்டு பேர், கூடப் படித்த பர்வீன். ஒருவர்கூடத் தயங்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழாவது கையெழுத்து வீட்டிலேயே இருக்கிறது என்று படிவத்தை வீசிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

நங்கை ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார்.

"இதுல நான் போட மாட்டேன், துளசி."

"ஏனுங்க? ஆறு பேரு போட்டாச்சு!"

"அவங்க போடுவாங்க."

"நான் ஓட்டறது உங்களுக்கு ஆகாதுன்னு நேராச் சொல்லிருங்க."

"ஓட்டு கண்ணு. நான் வேண்டாம்னா சொன்னேன்? என்ற கையெழுத்த மட்டும் கேக்காத."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எட்டுல ஒரு பங்கு! கதவுல விரல் மாட்டுன வலி! அதுக்கு இத்தனை பிகு பண்றீங்களே, நீங்க கட்டிக்கிட்டு வந்தவங்கதானே, கூடப் பொறந்திருந்தா தெரியும்" என்றேன்.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நங்கை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பால் பொங்கி வழிந்தது. அவர் அணைக்கவேயில்லை, நான்தான் எட்டி அணைத்தேன்.

புதன்கிழமை பெரியப்பாவிடம் புலம்பப் போனேன். வேறு யாரையாவது ஏழாவது ஆளாகப் பிடித்துத் தருவார் என்று ஒரு நினைப்பு. அவர் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளையப் பேசாத அம்மிணி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியப்பா யாரையும் இப்படித் தாங்கிப் பேசுகிற ஆள் இல்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. பேச்சை மாற்ற, "ஏனுங்க பெரியப்பா, என்ற வலி உங்களுக்கு எப்படித்தான் இருக்குது?" என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கற! எடது தொடைல, எலும்புக்குள்ள வெச்சுத் திருகற மாதிரி."

எட்டில் ஒரு பங்கு வலிக்கு இடமே கிடையாது. அப்படியே இருந்தாலும் என் முறிவு வலது தொடையில். நான் அவரையே பார்த்தேன். அவர் வெற்றிலையைத் தேடினார், மடியில் இருந்த வெற்றிலையை.

"பெரியப்பா, நீங்க என்ற வலிய வாங்கவே இல்லீங்களா?"

"வாங்குனேன், வாங்குனேன். நாலு நாள் வாங்குனேன். அப்பறம் பழனிக்குத் தீர்த்தக்குடம் எடுத்துட்டுப் போற வேலை வந்துருச்சு. வெரதத்துல இருக்கற ஒடம்பு, நடக்கோணும். ஒரு பதினஞ்சு நாளைக்கு உன்ற நங்கைகிட்டக் கைமாத்தா விட்டேன். அது மாட்டேன்னா சொல்லும்? அப்பறம்..." அவர் குரல் இறங்கியது. "திருப்பி வாங்க மறந்து போச்சு சாமி."

கைமாற்று என்பது சட்டப்படி உண்டு. ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு மாற்றிவிடலாம், அவர் சரி என்றால் போதும். கொடுத்தவராகக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கினவர் தானாகத் திருப்பித் தர முடியாது. யாருக்கு யார் மாற்றினார்கள் என்பது அந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வெளியே வந்து சித்திக்குப் போன் செய்தேன். மகளுக்குப் பரீட்சை நேரம், ஒரே ஒரு மாதம், உன் நங்கைதான் வாங்கிக்கொண்டாள், ரொம்பத் தாங்கற உடம்பு அவளுக்கு என்றார். சித்தப்பா மகன்களில் ஒருவனுக்கு வேலை மாற்றம், இன்னொருவனுக்குப் புதுக் கல்யாணம். பர்வீனுக்கு நோன்பு. ஐந்து பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஐந்து பேரும், தான் ஒருவர்தான் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எனக்குக் காலை ஷிப்டு, தெரியுமில்ல? அவகிட்டத்தான் விட்டிருக்கேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தவங்ககிட்டச் சொல்லிராத. ஏற்கனவே யாரோ ஒருத்தருது வேற வெச்சிருக்காளாமா" என்றான்.

அட கெரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கிறவனுக்கும் தெரியவில்லை. ஆறு பங்கு கைமாற்று, அவருடைய சொந்தப் பங்கு ஒன்று, ஆக மொத்தம் ஏழு. நான் எட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு வீரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பூஜை அறைக் கதவைத் தள்ளினேன். விளக்கு ஏற்றியிருக்கவில்லை. நங்கை பாயில் படுத்திருந்தார். வாயில் மடித்த துண்டு. உடம்பு வில்லாக வளைந்து தரையில் விழுந்தது. என்னைப் பார்த்துவிட்டு, வராதே என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்த நிலையிலும் வலது கையை மட்டும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் அழுத அழுகையில் அவர் நெற்றியெல்லாம் நனைந்துவிட்டது.

கால் மணி நேரத்தில் அடங்கியது. ஏழு பங்கையும் ஒட்டுக்கா, ஒரே தடவையில், வாங்கினால் கால் மணியில் முடிந்துவிடும் என்று, பங்கு மாற்றித் தருகிற வலிநிலையத்தில் சொன்னார்களாம். மிச்ச ஒன்றரை மணி நேரம் எழுந்து உட்காருவதற்கு.

"ஏனுங்க நங்கை இப்படிப் பண்ணுனீங்க? ஒருத்தர்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? மொத ஆளு கேட்டாங்க, செரின்னேன். ரெண்டாவது ஆளுகிட்ட முடியாதுன்னா, அவங்களுதுன்னா வாங்குவா எங்களுதுன்னா மாட்டாளான்னு வரும். முடியவே முடியாதுன்னா, கட்டிக்கிட்டு வந்தவதானே, துளசி மேல பாசம் எங்கிருந்து வரும்பாங்க." ஒரு மூச்சு வாங்கினார். "நீயே சொன்னியே."

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "அட விடு, எந்திரி" என்று உதறினார்.

"கையை எதுக்குங்க அப்படிப் பாத்தீங்க?"

நங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் வலி போய் வேறு ஏதோ வந்தது. புதிர் போடுகிறவள் முகம்.

"பங்கு பங்கா வந்தா வெறும் நோவுதான், துளசி. ஒட்டுக்கா வந்தா அது நோவு இல்ல, அந்த விபத்தே. வரிசையா வரும். மொதல்ல தோளு, அப்பறம் தொடை. அதுக்கெல்லாம் முன்னாடி ரெண்டு செகண்டு ஒண்ணுமே வலிக்காது. வெறும் உன்ற ஒடம்பு இருக்கும். வலி எங்கிருந்து கெளம்புச்சுன்னு பாக்கறதுக்காக வில்லை அதையும் சேத்துப் பதிஞ்சு வெச்சுக்குமாமா. மொதல்லெல்லாம் எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. பொறவு அந்த ரெண்டு செகண்டப் பாக்கோணும்னே உள்ள வர ஆரம்பிச்சுட்டேன்."

"என்னதான் இருக்குது அதுல?"

"விழப்போற ஒடம்பு இறுகும். படில கால் தவறுனாக்கூட நமக்கு இறுகுதில்ல? இப்ப இறுகும், இப்ப பிரேக்கப் புடிக்கும்னு தெனமும் பாக்கறேன். உன்ற கை இறுகவே இல்ல. நீ புடிக்கவே இல்ல, துளசி."

பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். இவர் எதற்குப் பொய் சொல்லப்போகிறார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வலிநிலையத்தில் இருந்தேன். என் வலி முழுவதும் எனக்கே வேண்டும் என்றேன். கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"உங்க வலிய நீங்களே திருப்பிக் கேக்கறீங்களா? எதுக்குங்க?"

"என்னோடதுங்க, அதான்."

அவர் சர்வரில் தேடு தேடு என்று தேடினார். "வலிக்குச் சொந்தக்காரங்க கேட்டா எப்ப வேணும்னாலும் குடுக்கலாம்னு இருக்குதுங்க. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இந்தப் படிவத்த இப்பத்தான் பாக்கறேன்" என்றார். என் வில்லையைக் கருவியில் வைத்து எட்டுப் பங்கையும் ஏற்றித் தந்தார். நான் கிளம்பும்போது கவுன்டர் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க, முழுசா வலிச்சா எப்படி இருக்கும்னு வந்து ஒரு வார்த்தை சொல்றீங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அதே பாயில் நான் படுத்தேன். நங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஒன்றும் வலிக்கவில்லை. நான் பைக் மேல் இருந்தேன், அவ்வளவுதான். குனிந்த முதுகு, தொடைக்கு நடுவே டேங்கின் சூடு, மூன்றாவது வளைவு தன்பாட்டுக்குக் கிட்டே வருகிறது. என் வலது கை விரல்கள் கைப்பிடி மேல் சும்மா கிடந்தன. பேப்பர் படிக்கிறவர் கை நாற்காலியில் கிடக்குமே, அப்படி. பிடி, பிடி என்று நான் பாயில் கிடந்து கெஞ்சினேன். அந்தக் கை கேட்கவில்லை. அதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்றே தெரியவில்லை. பதினோரு வருடம் விழுந்து எழுந்த உடம்பு அது. ஒவ்வொரு தடவையும் எட்டில் ஒரு பங்குதான் பட்டது. அதற்குமேல் ஒன்று இருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் தோள் போனது. அதை எழுத எனக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் அதற்கு வார்த்தையும் இல்லை.

அடங்கியபோது நங்கையின் மடியில் கிடந்தேன். "வேண்டாமுங்க நங்கை" என்றேன். "நான் ஓட்டலீங்க. எனக்கு பயமா இருக்குதுங்க." என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப விட்டுரு" என்றார் நங்கை, தலையைக் கோதிக்கொண்டே.

விட்டுவிடலாம் என்றுதான் கிடந்தேன். நங்கை காபி கொண்டுவந்து வைத்தார். வாங்கும்போது டம்ளர் சரிந்தது. என் வலது கை நான் சொல்லாமலே பாய்ந்து அதை இறுக்கிப் பிடித்தது. சூடான காபி கையில் வழிந்தும் விடவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"நங்கை, அந்த வளைவுல இந்தக் கை இப்பப் புடிக்குமான்னு எனக்குத் தெரியோணுமே."

"எனக்குந்தான்" என்றார். பட்டென்று வந்தது பதில். மாதக்கணக்கில் காத்திருந்தவர் அல்லவா.

அன்று மதியமே நங்கையும் நானும் போனபோது, பந்தயத்தடத்துப் பட்டறையில் இன்னாசியண்ணன் யாருடைய சக்கரத்தையோ கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. நான் நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் புடிக்கல" என்றேன்.

"ஒம்பது மாசங்கழிச்சுக் கண்டுபுடிச்சயாக்கும்" என்றார். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். போனவர் வரமாட்டார் என்று நினைத்தேன். துணியில் சுற்றிய பழைய பிரேக் லீவரோடு வந்தார். "ஒரு கீறல் இல்ல, பாத்துக்கோ. எவளாவது வந்து கேப்பான்னு தூக்கிப் போடாம வெச்சிருந்தேன்." அதையே பயிற்சி பைக்கில் மாட்டிக் கொடுத்தார்.

காதுக்குப் பின்னாலிருந்த வில்லையைக் கழற்றி நங்கையின் உள்ளங்கையில் வைத்தேன். விழுந்தால் எங்கேயும் பதியாது, எவருக்கும் போகாது. நங்கை விரல்களை மூடிக்கொண்டார்.

முதல் சுற்று மெதுவாகப் போனேன். இரண்டாவது சுற்றில் பழைய வேகத்துக்கு வந்தேன். மூன்றாவது வளைவு தெரிந்ததும் வயிறு கல்லாகியது. முதுகு இறுகியது, பல் கிட்டியது, நான் நினைப்பதற்கு முன்னாலேயே இரண்டு விரல் லீவரைக் கவ்வியது. பைக் முனகிக்கொண்டு அடங்கி, வளைவுக்குள் பூனைக்குட்டி போல வந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

திரும்பி வந்து நிறுத்தினேன். நங்கை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இறுகுச்சா?"

"இறுகுச்சுங்க நங்கை."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஏழு பங்கு வலியிலும் அழாதவர். சிறிது நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டுக் கையை நீட்டினார்.

"குடு அந்தப் படிவத்த. இப்பப் போடறேன்."

"வேண்டாமுங்க."

கையோடு கொண்டுவந்திருந்த படிவத்தை டேங்க் மேல் விரித்தேன். இருந்த ஆறு பெயரையும் அடித்தேன். அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி உண்டு. பங்காளி இல்லாதவர் "முழுவலி" என்று எழுதிக் கையெழுத்திடலாம் என்று. பதினோரு வருடமாகக் கையெழுத்துப் போட்ட படிவம், அந்த வரியை நான் படித்ததே இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பதில் மிச்சமிருந்த காலைகளையும் நானே வாங்கிக்கொள்வேன் என்று நங்கையிடம் சொன்னேன்.

இன்னாசியண்ணன் நேரம் பார்க்கும் பலகையைக் காட்டினார். என் பழைய நேரத்தைவிட நாலு செகண்ட் அதிகம்.

"இந்த வெசைல போனா நீ கடைசியாத்தான் வருவ" என்றார் நங்கை, வில்லையை என் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டபடி.

"கடைசியாத்தான் வருவேன். ஆனா வந்துருவேனுங்க நங்கை."